புளியமரமும் திருப்புளியும்

மெக்கானிக்கல் மூன்றாம் வருடம் படிக்கிறவன் கையில் ஒரு திருப்புளி கிடைத்தால் என்ன ஆகும்? ஒரு பிஸ்டன் போகும், மாமாவின் பேன்ட் கிழியும், ஒரு புளியமரம் கைவிட்டுப் போகும். மூன்றும் எனக்கு ஒரே வாரத்தில் நடந்தன. ரொம்ப நாளாக இதை எழுத வேண்டும் என்று நினைத்து, வெட்கத்தில் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். ஆம்பூர் பக்கம். (வேலூர் மாவட்டம் என்று எழுதிப் பழகிய கை. 2019ல் மாவட்டத்தைப் பிரித்ததிலிருந்து திருப்பத்தூர் மாவட்டம்.) சின்ன வயதில் தோல் ஷாப்பில் வேலை பார்த்தார். பாலாற்றுத் தண்ணீர் கெட்டுப்போன வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. தோல் ஷாப்புகளுக்கு ஆளுக்கு 10,000 ரூபாய் அபராதம், கழிவுநீரைச் சுத்திகரிக்காதவர்கள் மூட வேண்டும் என்று. சட்டம் படிக்கிற என் நண்பன் அந்தத் தீர்ப்பைப் பரீட்சைக்குப் படிக்கிறான். மாமாவுக்கு அது வேலை போன வருடம். அவர் ஷாப்பை மூடினார்கள், மாமா மரம் அறுக்கப் போனார். முதலில் கை ரம்பம், அப்புறம் வாடகை மிஷின். 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையில் மரங்களையெல்லாம் சாய்த்துப் போட்டதே, அப்போது ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் இரவு பகலாக அறுத்தார். அந்தக் காசோடு அத்தையின் வளையலையும் அடகு வைத்து, சொந்தமாக ஒரு மிஷின் வாங்கினார். 72 சிசி. பெரிய மரத்துக்கென்றே இருக்கிற தொழில்முறை மிஷின். வீட்டில் அதற்கென்று தனி அலமாரி உண்டு. எனக்குக் கிடையாது.

போன பொங்கலுக்கு நான் ஊருக்குப் போனபோது மாதனூர் பக்கம் ஒரு நிலத்தில் மூன்று புளியமரம் பேசி முடித்திருந்தார். வீடு கட்டப்போகிற இடம், நான்கு நாளில் காலி செய்து தர வேண்டும். மூன்றும் தாத்தா காலத்து மரங்கள். மேலே காய் முற்றிக்கொண்டிருந்ததால் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து திட்டியபடியே பொறுக்கிக்கொண்டு போனார்கள். புளியமரம் அறுத்தவர்களுக்குத் தெரியும், அதன் வைரம் செயினின் பல்லைத் தின்றுவிடும். மிஷினுக்கு மூச்சு முட்டும்.

முதல் நாளே மிஷின் தகராறு. கிளையெல்லாம் அறுத்தது. அடிமரத்தில் வைத்து அழுத்தினால் முக்கி முனகி நின்றுவிடும். மாமா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"இன்னான்னு தெரியல மாப்ள. சோக்கு போட்டாதான் ஓடுது. சோக்க எடுத்துட்டா கம்முனு ஆயிடுது."

இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மொத்த நோயும் இதில்தான் இருந்தது. நான்தான் காதில் வாங்கவில்லை. திருப்புளியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். கறுப்பு, ஈரம். அடடா, பெட்ரோல் அதிகமாகப் போகிறது, புத்தகத்தில் அப்படியேதான் போட்டிருக்கிறது! கார்புரேட்டரில் மூன்று திருகுகள் இருக்கும். வேகமாக ஓடும்போது போகிற பெட்ரோலுக்கு எச், மெதுவாக ஓடும்போது போகிற பெட்ரோலுக்கு எல், ஆக்ஸிலேட்டரை விட்டதும் எந்த வேகத்தில் நிற்க வேண்டும் என்பதற்கு எல்.ஏ. எச் திருகைக் கடிகாரம் சுற்றுகிற பக்கமாகக் கொஞ்சம் முடுக்கினேன். பெட்ரோல் குறையும். மிஷின் கரகரவென்று கத்திக்கொண்டிருந்தது, "வீ...ங்" என்று மேலே ஏறிக் கத்த ஆரம்பித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. விட்டதும் நின்றுபோகிறதே என்று எல்.ஏ திருகையும் ஒரு சுற்று ஏற்றிவைத்தேன்.

அரை மணி நேரம் கிளைகளில் பிரமாதமாக ஓடியது. கூட வேலை செய்கிற அண்ணன்கூட "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்" என்றார்.

அப்புறம் நடந்தது இதுதான். மாமா ஒரு கிளையை முடித்துவிட்டு, விசையை விட்டு, மிஷினை இடுப்போரம் தொங்கவிட்டபடி அடுத்த பக்கம் திரும்பினார். விசையை விட்டால் செயின் நிற்க வேண்டும். ஐடிலில் இந்த மாதிரி மிஷின் நிமிடத்துக்கு 2,500லிருந்து 2,800 சுற்று ஓடும். அந்த வேகத்தில் கிளட்ச் பிடிக்காது, அதனால் செயின் அசையாது. நான் எல்.ஏவை ஏற்றியதில் அந்த வேகம் தாண்டிப் போயிருந்தது. செயின் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. முழங்காலுக்கு மேலே பேன்ட் துணியை ஒரு சாண் நீளத்துக்கு இழுத்துக்கொண்டு போனது. தோலில் படவில்லை. ஒரு விரற்கடை உள்ளே போயிருந்தால் நான் இதை இப்படிச் சிரித்துக்கொண்டு எழுத முடியாது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. மிஷினை அணைத்தார், பேன்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எல்.ஏவைத் தானே இறக்கினார்.

இரண்டாவது பாடம் மத்தியானம். அடிமரத்தில் பாதி உள்ளே போயிருக்கும்போது சத்தம் திடீரென்று அடங்கியது. கயிற்றை இழுத்தால் கல் மாதிரி இருக்கிறது. ஆறவிட்டு இழுத்தால் வந்தது, ஆனால் அந்தத் திடம் இல்லை. சைலன்சரைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். பிஸ்டனில், புகை வெளியே போகிற பக்கம், மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல்கள்.

டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு ஆயில் தனியாகக் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெட்ரோலோடு கலந்து போகிற ஆயில்தான் பிஸ்டனைக் காப்பாற்றுகிறது. பெட்ரோலைக் குறைத்தால் ஆயிலும் குறைகிறது, சூடும் ஏறுகிறது. "வீங்" என்று ஏறியது பலம் இல்லை, பட்டினியில் கத்திய சத்தம்.

இப்போது மாமா சொன்ன வரிக்கு வருகிறேன். சோக் என்பது காற்று வருகிற வழியை மூடுவது. மூடினால் உள்ளே உறிஞ்சும் வேகம் கூடி, பெட்ரோல் அதிகமாக வரும். சோக் போட்டால்தான் ஓடுகிறது என்றால், சோக் இல்லாமல் பெட்ரோல் போதவில்லை என்றுதானே அர்த்தம்? அப்படியானால் பிளக் ஏன் கறுப்பாக இருந்தது? காலையிலிருந்து மாமா சோக் போட்டே ஓட்டியிருந்தார், அதனால் கறுப்பு! ஒரு பக்கம் பட்டினி, அதை மறைக்கப் போட்ட சோக்கின் கரி பிளக்கில். நான் கரியைப் பார்த்து, பட்டினி கிடந்தவனிடமிருந்து இன்னும் ஒரு கவளத்தைப் பிடுங்கிவிட்டேன். நான்கு செமஸ்டர் படித்தவனைவிட, தினம் கயிறு இழுத்தவர் சொன்னதில் விவரம் அதிகம்.

ஏன் பெட்ரோல் போதவில்லை என்பதற்கு, இந்தக் கார்புரேட்டர் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய பைக் கார்புரேட்டரில் ஒரு சின்னத் தொட்டியும் மிதவையும் இருக்கும். நம் வீட்டு மாடித் தொட்டி மாதிரிதான், நிரம்பினால் மிதவை ஏறி வழியை அடைக்கும். (2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்ததிலிருந்து புது பைக்குகள் கிட்டத்தட்ட எல்லாம் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. என் ஜூனியர்கள் மிதவையைப் படத்தில்தான் பார்ப்பார்கள்.) ஆனால் மரம் அறுக்கிற மிஷினைச் சாய்ப்போம், படுக்கவைப்போம், மரத்தின் மேலே தலைகீழாகக்கூடப் பிடிப்போம். மிதவை நிற்காது. ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1929ல் கொண்டுவந்த முதல் பெட்ரோல் மரம் அறுக்கும் மிஷின் 46 கிலோ, இரண்டு ஆள் பிடிக்க வேண்டும். மிதவை வைத்த அந்தக் காலத்து மிஷின்களில் இன்ஜினை நேராகவே வைத்துக்கொண்டுதான் அறுக்க முடியும். மிதவையைத் தூக்கிவிட்டு ஒரு மெல்லிய சவ்வை வைத்த பிறகுதான் ஒரே ஆள் எந்தப் பக்கமும் திருப்பி அறுக்க முடிந்தது.

உள்ளே இரண்டு சவ்வுகள். ஒன்று பம்ப். பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது கிராங்க் கேஸில் உண்டாகிற அழுத்தம் இந்தச் சவ்வைத் துடிக்கவைக்கும், அது டாங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும். நிமிடத்துக்கு 12,000 சுற்று என்றால் விநாடிக்கு 200 துடிப்பு. நெஞ்சு மாதிரிதான், என்ன, கொஞ்சம் அவசரக்கார நெஞ்சு. இரண்டாவது சவ்வு அளந்து கொடுப்பது. இன்ஜின் உறிஞ்சும்போது இது உள்ளே குழிந்து ஒரு சின்ன நெம்புகோலை அமுக்கும், நெம்புகோல் ஊசியைத் தூக்கும், அந்த இடைவெளியில் பெட்ரோல் உள்ளே வரும். மிதவை செய்த வேலையை ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு சவ்வு செய்கிறது. அது விறைத்துப்போனால் குழியாது, ஊசி சரியாகத் திறக்காது, பெட்ரோல் போதாது. எச் திருகை எப்படித் திருகினாலும் பின்னால் வருவதே குறைவு. தெருக் குழாயில் தண்ணீர் வராதபோது வீட்டுக் குழாயைத் திருகிக்கொண்டிருந்தது போலத்தான் என் வேலை.

சாயங்காலம் திண்ணையில் வெள்ளைத் துண்டை விரித்து கார்புரேட்டரைப் பிரித்தோம். (வெள்ளைத் துண்டு முக்கியம். ஊசியும் ஸ்பிரிங்கும் மண்ணில் விழுந்தால் கதை முடிந்தது.) மூடியின் நான்கு திருகுகளைக் கழற்றி, சவ்வை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஓட்டை இல்லை, கிழிசல் இல்லை. "நல்லாதான் இருக்கு மாமா" என்றேன். மாமா கையை நீட்டினார். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு, மெதுவாகத் தேய்த்தார். தோல் ஷாப்பில் தோலைத் தரம் பிரிக்கிறவர்கள் இப்படித்தான் செய்வார்கள்.

"பதம் போயிடுச்சு மாப்ள."

காதருகே வைத்து மடக்கிக் காட்டினார். எக்ஸ்ரே பிலிம் மாதிரி சரசரவென்று சத்தம். நல்ல சவ்வு சத்தமே போடக் கூடாது, கையுறைத் தோல் மாதிரி தொய்ந்து விழ வேண்டும். ஷாப்பை மூடிப் பல வருடம் ஆகியும் விரல் மறக்கவில்லை. நான் கண்ணால் பார்த்துக் கொடுத்த சர்டிபிகேட்டை அவர் விரல் கிழித்துப் போட்டது.

ஏன் விறைத்தது? ஐப்பசி கார்த்திகை மழையில் இரண்டு மாதம் வேலை இல்லை. டாங்கில் பெட்ரோலோடு மிஷின் அலமாரியில் தூங்கியது. கேனிலும் பாதி பெட்ரோல், மூடி சரியாக முடுக்காமல். முன்னெல்லாம் இப்படி விட்டுவைத்தபோது இவ்வளவு தொந்தரவு வந்ததில்லை என்றார் மாமா. எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. இப்போது பங்கில் வருவது முன்பிருந்த பெட்ரோல் இல்லை. 2022 ஜூனில் நாடு முழுக்க சராசரியாக 10 சதவீத எத்தனால் கலப்பை எட்டினோம். 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலப்பு விற்பனைக்கு வந்தது, 2025ல் அதுவே எல்லா இடத்துக்கும் பொதுவாகிவிட்டது.

நம்பாதவர்கள் வீட்டிலேயே சோதிக்கலாம். (அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம், பீடி பிடிக்கிற மாமாக்கள் பக்கத்திலும் வேண்டாம்.) ஒரு கண்ணாடி பாட்டிலில் 100 மில்லி பெட்ரோல், 20 மில்லி தண்ணீர். குலுக்கி வைத்தேன். பெட்ரோல் மேலே, தண்ணீர் கீழே பிரிந்தது. ஆனால் கீழே நின்றது 20 மில்லி இல்லை, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பெட்ரோலில் இருந்த எத்தனால் தண்ணீரோடு சேர்ந்துகொண்டு கீழே இறங்கிவிட்டது. அத்தை எட்டிப் பார்த்துவிட்டு "பால்காரன் மேலயே தப்பு சொல்லிட்டு இருந்தோம்" என்றாள்.

இது விளையாட்டு இல்லை. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலத்தில் பாதி கேன் திறந்து கிடந்தால், ஈரம் ஓர் அளவுக்கு மேல் சேர்ந்ததும் இதே மாதிரி கேனுக்குள்ளேயே பிரிந்துவிடும். டூ-டி ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். மிஷினின் டாங்கில் பெட்ரோல் உறிஞ்சுகிற வடிகட்டிக்கு எடை உண்டு, எப்போதும் அடியில்தான் கிடக்கும். அடியில் இருப்பது ஆயில் இல்லாத எத்தனாலும் தண்ணீரும். இன்ஜின் முதலில் குடிப்பது அதைத்தான்! இது போக, பழைய ரப்பர்களுக்கு எத்தனால் ஒத்துக்கொள்வதில்லை, சிலது ஊதும், சிலது விறைக்கும். இன்னொரு சங்கதி, எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. அதனால் அதே திருகு, அதே ஓட்டை, ஆனால் இன்ஜினுக்குப் பட்டினி கொஞ்சம் கூடும். சாதாரண பெட்ரோலுக்கு வைத்த பழைய டியூனிங் 20 சதவீதக் கலப்புக்கு ஒல்லியாகிவிடும். எச் திருகைக் கொஞ்சம் திறக்க வேண்டிய காலத்தில் நான் மூடியிருக்கிறேன்.

பிஸ்டனும் வளையமும் புதிதாகப் போட்டோம். சிலிண்டரில் ஒட்டிய அலுமினியத்தை ஆம்பூரில் ஒரு மெக்கானிக் பதமாக எடுத்துக் கொடுத்தார், நல்ல வேளை, உள் பூச்சு பிழைத்தது. சவ்வுகளும் ஊசியும் சேர்ந்த கிட் சென்னையிலிருந்து பஸ் பார்சலில் வந்தது. ஊசிப் பக்கத்தில் இருந்த நெல் உமி அளவு சல்லடையில் பிசின் மாதிரி அழுக்கு, அதையும் கழுவினோம். அந்த மெக்கானிக்கிடம் கேஜ் வைத்த கை பம்ப் இருந்தது. பெட்ரோல் வருகிற முனையில் மாட்டி 0.8 பார் அளவுக்கு அழுத்தம் ஏற்றினார். முள் இறங்காமல் நின்றால் ஊசி நன்றாக மூடுகிறது என்று அர்த்தம். நின்றது.

அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: "திருகுல கை வெக்கிறதுக்கு முன்னாடி இன்னா இன்னா பாத்த?" நான் பிளக் என்றேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. காற்று வடிகட்டியில் புளியமரத் தூள் அடைத்திருந்தாலே பாதி கோளாறு வரும். டாங்க் மூச்சு விடுகிற துளை அடைத்திருந்தால் பத்து நிமிடம் ஓடி நிற்கும், மூடியைத் தளர்த்தினால் "புஸ்" என்று காற்று உள்ளே போய் மறுபடி ஓடும். டாங்கிலிருக்கும் பெட்ரோல் வடிகட்டி, குழாயில் விரிசல், கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கிற ரப்பரில் கிழிசல், எல்லாம் அதற்கடுத்து. விசையை விட்டும் வேகம் உடனே இறங்காமல் தொங்கினால், எங்கேயோ திருட்டுக் காற்று உள்ளே வருகிறது என்று சந்தேகப்பட வேண்டும். இதெல்லாம் சரி என்றான பிறகுதான் திருப்புளி. நேற்று வரை ஒழுங்காக ஓடிய மிஷினின் திருகு ராத்திரியில் தானாகத் திரும்பிக்கொள்ளாது என்றார். இதை ஏன் எங்களுக்கு முதல் வருடமே சொல்லித்தருவதில்லை?

டியூனிங்கும் அவர்தான் காட்டினார். எச், எல் இரண்டையும் மெதுவாகக் கடைசி வரை மூடி (அழுத்தி முடுக்கினால் உள்ளே இருக்கை கீறிப் பாழாகும்) ஒரு சுற்று திறக்க வேண்டும். இது புறப்படுகிற இடம்தான், மாடலுக்கு மாடல் மாறும். இன்ஜின் சூடானதும் முதலில் எல். விசையை அமுக்கினால் தயங்காமல் ஏற வேண்டும். அப்புறம் எல்.ஏ. செயின் அறவே நிற்கும் வரை இறக்க வேண்டும். கடைசியில் எச். சும்மா முழு வேகத்தில் விட்டால் தொண்டை கட்டியவன் பேசுகிற மாதிரி கொஞ்சம் கரகரக்க வேண்டும், கட்டையில் வைத்து அழுத்தியதும் அந்தக் கரகரப்பு தெளிய வேண்டும். சும்மா இருக்கும்போதே கீச்சென்று தெளிவாகக் கத்தினால் ஒல்லி. நான் சரிசெய்வதாக நினைத்துப் போக்கியது அந்தக் கரகரப்பைத்தான். புதிதாக வருகிற சில பெரிய மிஷின்களில் இதையெல்லாம் எலக்ட்ரானிக்ஸே பார்த்துக்கொள்கிறது. மாமாவிடம் இருப்பது அந்த வகை இல்லை.

இதற்கெல்லாம் ஆறு நாள் ஆயிற்று. பேச்சு நான்கு நாள்தானே. வாடகை மிஷினை வைத்து இரண்டாவது மரம் வரை ஒப்பேற்றினார்கள். மூன்றாவதை நிலத்துக்காரர் வேறு ஆளை வைத்து அறுத்துவிட்டார். இருந்ததிலேயே பெரிய மரம் அதுதான். கூட வந்த இருவருக்கும் மாமா கூலியைக் குறைக்காமல் கொடுத்தார். பிஸ்டன் காசை என் ஸ்காலர்ஷிப்பில் தருகிறேன் என்றேன். "ஃபீஸ் கட்டுடா" என்று முடித்துவிட்டார்.

இப்போதெல்லாம் அன்றன்றைக்குத் தேவையான அளவே பெட்ரோல் வாங்குகிறார். 2 லிட்டருக்கு 40 மில்லி ஆயில், அத்தை வாங்கிக் கொடுத்த இருமல் மருந்து மூடியில் அளந்து. முன்பு பாட்டில் மூடிக் கணக்கு, கண் போன கணக்கு. வாரக்கணக்கில் வேலை இல்லை என்றால் டாங்கைக் காலி செய்து, மிஷின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு வைக்கிறார். கிழிந்த பேன்ட்டை அத்தை தைத்துக் கொடுத்துவிட்டாள், வேலைக்கு அதையேதான் போட்டுக்கொண்டு போகிறார்.

போன மாதம் ஊருக்குப் போனபோது மிஷினை எடுத்துப் பார்த்தேன். எச் திருகின் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை சிவப்பாக ஒரு கோடு. என்ன மாமா இது என்றேன்.

"உங்க அத்தை நெயில் பாலிஷ். கோடு நவுந்து இருந்தா நீ வந்துட்டுப் போயிருக்கேன்னு தெரிஞ்சிடும்."